நம்பர் வராத வண்டி

1

கார்களின் பின்புறத்தைப் பார்ப்பது என் தொழில். அமெரிக்காவின் தெற்கே ஒரு நகரத்தில், சன்னல் இல்லாத ஒரு கூடத்தில், பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே கட்டணச் சாலைகளில் நம் ஊர் டோல்கேட் போலக் குறுக்குக் கட்டை கிடையாது. யாரும் நிற்பதில்லை. தலைக்கு மேலே கேமரா. அது படம் பிடிக்கும், இயந்திரம் நம்பரைப் படிக்கும், பில் வீட்டுக்கு வந்துவிடும். இயந்திரத்தால் படிக்க முடியாத படங்கள் மட்டும் என் திரைக்கு வரும்.

சேறு அப்பிய நம்பர்கள். சைக்கிள் மாட்டி மறைத்த நம்பர்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக, காகித நம்பர்கள். புதுக் காருக்கு நிரந்தரத் தகடு வரும்வரை காகிதத்தில் அச்சடித்த நம்பரோடு ஓட்டலாம் என்று ஒரு சலுகை. அந்தக் காகிதம் மழையில் ஊறுகிறது, காற்றில் சுருள்கிறது, வெயிலில் வெளுக்கிறது. கெடு முடிந்து பல மாதம் ஆன காகிதத்தோடு பளபளவென்று போகும் வண்டிகள் உண்டு. வேறொருவர் நம்பரை அச்சடித்து ஒட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்கான பில், ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெங்கும் வண்டி எடுக்காத ஏதோ ஒரு கிழவர் வீட்டில் போய் விழும்.

படிக்கவே முடியாவிட்டால் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. ‘படிக்க இயலவில்லை.’ அதை அழுத்திவிட்டால் அந்தக் கார் அந்தச் சாலையில் போகவே இல்லை. பின் சீட்டில் குழந்தை நாற்காலி தெரிகிற பழைய வண்டி என்றால் சில நேரம் படிக்க முடிந்தும் அழுத்தியிருக்கிறேன். அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டு மதியச் சோற்றை ருசித்துத் தின்றிருக்கிறேன்.

2

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளையில், அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ஒரு வெள்ளைக் காரின் பின்புறம். வேலை இங்கேயும் வந்துவிட்டதா என்று சிரித்தேன். சிரித்து முடிக்கும் முன் போன் அடித்தது.

“பாத்தியா தம்பி?” அக்காவின் குரலில் கல்யாண வீட்டுக் களை.

“இன்னாக்கா இது?”

“டோல்கேட்டு கேமரா. ஸ்டேஷன்ல காட்டினாங்க, மாமா செல்லுல புடிச்சிக்கினு வந்தாரு. நல்லாப் பாரு. நம்பரு தெரியுதா?”

“நம்பரே இல்லியேக்கா.”

“அதான்டா! அந்தப் புள்ளையாருதான் நம்மளக் காப்பாத்தினாரு. நம்பரு மட்டும் வந்திருந்தா இன்னிக்கி மாமா கதி இன்னா?”

எனக்கு ஒன்பது வயதில் அம்மா போனபின் எனக்குச் சோறாக்கிப் போட்டவள் அக்கா. அந்தக் குரல் மகிழ்ந்தால் நானும் மகிழ்ந்துவிடுவது பழக்கம். அன்று பாதி வழியில் அந்தப் பழக்கம் நின்றது.

நடந்ததை அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். மாமா திருப்பதியிலிருந்து திரும்பும்போது டோல்கேட்டில் வண்டியைத் திருப்பிக்கொண்டு பக்கத்து மண் பாதையில் இறங்கியிருக்கிறார். அந்தப் பாதையில் மொபெட்டில் வந்த ஏழுமலையை இடித்திருக்கிறார். இடித்துவிட்டு வந்துவிட்டார். ஏழுமலைக்கு வலது கால் முட்டி நொறுங்கிப்போனது.

“எந்த ஏழுமலை?”

“அதான்டா, நம்ம தென்னைக்கு ஏறுவானே. காலனி ஏழுமலை.”

மாமா போனை வாங்கிக்கொண்டார். என் அக்காவின் கணவர், நிலத் தரகு, ஆந்திர எல்லையிலிருக்கும் எங்கள் புத்தூரில் பத்து பேர் வணக்கம் வைக்கும் ஆள்.

“மச்சான், நீதான் அந்த ஊருல இதே வேலைய பாத்துக்கினுகீறே. ஒரே ஒரு லெட்டரு எழுதிக் குடு. இந்தப் படத்த வெச்சி வண்டியக் கண்டுபுடிக்க முடியாதுன்னு. இங்கிலீஷ்ல, கம்பெனி பேரு போட்டு.”

“நம்பர்தான் இல்லியே மாமா. லெட்டரு எதுக்கு?”

“அந்த ஏழுமலை காணிப்பாக்கத்துக்கு வான்றான்பா.”

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சித்தூர்ப் பக்கம் ஒருவன் மேல் பழி வந்தால், காணிப்பாக்கத்துக் குளத்தில் முழுகி ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவனும் அந்தப் படிக்கட்டில் நின்று யோசிப்பான். மாமாவுக்கு யோசனை வந்துவிட்டது. பிள்ளையாருக்குப் பதிலாக அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஒரு காகிதம் கொடுத்தால் போதாதா என்று ஊர்ப் பெரிய மனிதர்களிடம் கேட்டிருக்கிறார். அவர்களும் சரி என்றுவிட்டார்களாம்.

“பாக்கறேன் மாமா” என்றேன். பார்ப்பதுதானே என் வேலை.

3

அந்த வண்டி வாங்கிய நாள் நான் கூடவே இருந்தேன். ஆனி மாதம். பள்ளி விடுமுறையில் மகள் யாழினியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். ஷோரூமிலிருந்து நேராகக் காணிப்பாக்கம். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகடு. அதன்மேல் மஞ்சள், சந்தனம், நடுவில் குங்குமத்தால் ஓம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பதினாறு வயது யாழினி பழம் நசுங்கும் சத்தத்தைக் கேட்க ரோட்டில் குந்திக்கொண்டாள்.

“நம்பரு எப்ப மாமா வரும்?”

“நம்பருக்கு இன்னா அவசரம்? கூட்டினா ஒம்போது வரணும்னு ஜோசியரு சொல்லிகீறாரு. போன வண்டி எட்டு. அதனாலதான் அந்த லேஅவுட்டே போச்சி.”

எங்கள் பக்கம் இது ஒரு தனி வியாதி. வண்டி வாங்கிவிடுவார்கள், நம்பர் வாங்க மாட்டார்கள். ராசியான நம்பருக்கு ஆன்லைனில் ஏலம் கேட்பார்கள், போய்விடும். அடுத்த வரிசை வரட்டும் என்பார்கள். தற்காலிக நம்பருக்கு ஒரு மாதம்தான் ஆயுள். அது செத்த பிறகும் வண்டி ஓடும். திருமலை அடிவாரத்து அலிபிரி செக்போஸ்ட்டிலேயே மேலே விட்டுவிட்டார்கள், வேறெவன் கேட்கப்போகிறான் என்று மாமா மார்தட்டினார். நம்பர் இல்லாமல் ஓட்டுவது எங்கள் ஊரில் பெரிய மனிதனுக்கு அழகு. நானும் பக்கத்து சீட்டில் ஏசிக் காற்றில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் காரின் முன்பணத்தில் என் பங்கும் இருந்தது.

ஊரில் யாழினிக்குப் பொழுது போகவில்லை. தெலுங்கு சானல் பார்க்கும் அத்தை பிள்ளைகளோடு அவளுக்கு ஒட்டவில்லை; அவர்கள் பள்ளியில் தெலுங்கு, வீட்டில் பாதித் தமிழ்; இவள் பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் கால் தமிழ். ஒரு நாள் பையைக் குடைந்து, தன் பள்ளி நீச்சல் குழுவின் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, மாமா காரின் பின் கண்ணாடியில் இடது மூலையில் ஒட்டிவிட்டாள். பல்லைக் காட்டிச் சிரிக்கும் நீல முதலை. மாமாவுக்கு அமெரிக்க முதலையில் பெருமை.

அன்றுதான் ஏழுமலை இளநீர் வெட்ட வந்தான். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை நானும் அவனும் ஒரே வகுப்பு. அப்புறம் அவன் மரத்துக்கு, நான் மேலே. யாழினிக்கு வழுக்கையாகப் பார்த்து ஒன்று சீவிக் கொடுத்தான். அவனை உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. பின்வாசலோடு நின்றான், பின்வாசலோடு போனான். நானும் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

4

அன்று மாலை வேலை முடிந்தபின், காரைக் கிளப்பாமலே அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். தொழில் பழக்கம். முதலில் நம்பர் இருக்கும் இடம். வெறும் தகடு, காய்ந்த மஞ்சள், ஓம் பாதி உதிர்ந்திருந்தது. இப்படி ஆயிரம் வண்டிகள் திருப்பதி ரோட்டில் போகின்றன. எந்த இயந்திரமும் கைவிரிக்கும்.

பிறகு கண்ணாடியின் இடது மூலை.

மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் பதினொரு வருடம் மங்கலைப் படித்தே சம்பளம் வாங்குகிறவன் நான். நீலம். வளைந்த முதுகு. பல். ஆந்திரா முழுக்கத் தேடினாலும் இந்த முதலை ஒரே கண்ணாடியில்தான் இருக்கும்.

மாமாவைக் கூப்பிட்டேன். டோல்கேட்டில் ஏன் திரும்பினார் என்று கேட்டேன்.

“டோலு காசு புடிக்கிற ஃபாஸ்டேக்க பிளாக் பண்ணிட்டானுங்கப்பா. ஷோரூம்ல சேஸிஸ் நம்பர் போட்டுக் குடுத்தது. மூணு மாசத்துல வண்டி நம்பர ஏத்தணுமாம். நான் எங்கேந்து ஏத்தறது? டோலு ரெண்டு பங்கு கட்டுன்னான். சர்தான் போடான்னு ரிவர்ஸ் எடுத்துட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா. மண் ரோட்டுல அவன் குறுக்க வந்துட்டான்.”

ரெண்டு பங்கு. அவ்வளவுதான். ஒரு மரமேறியின் முட்டி போனது அந்தக் காசுக்காகத்தான். கார் சன்னலை இறக்கி வெளியே துப்பினேன். பக்கத்துக் காரில் ஏறிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் என்னை அருவருப்பாகப் பார்த்தாள். அவள் பார்த்தது சரிதான்.

வீட்டில் யாழினி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். படத்துக்குப் பின்னாலிருக்கும் கதை அவளுக்குத் தெரியாது.

“அய்ய, என் ஸ்டிக்கர். இன்னும் எடுக்கலையா அவங்க? அந்த டீம்ல இப்ப நான் இல்லவே இல்ல” என்றாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

5

மூன்று நாள் கழித்து மாமாவே கூப்பிட்டார்.

“மச்சான், லெட்டரு வாணாம். நம்பரு வந்துடுச்சி! கூட்டினா ஒம்போது. வெள்ளிக்கெழம இல்லாம அடுத்த வெள்ளிக்கெழம காணிப்பாக்கம் போறேன். சத்தியம் பண்றேன்.”

“மாமா?”

“கேளுப்பா. குளத்துல முழுகறேன். நம்பரு முழுசா சொல்லி, இந்த நம்பரு வண்டி ஏழுமலையை இடிக்கலன்னு சொல்லப் போறேன். பொய்யா? அன்னிக்கி இந்த நம்பரே இல்லியே! சாமியே இன்னா சொல்ல முடியும்?” சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. “எஸ்ஐயும் சொல்லிட்டாரு. சத்தியம் பண்ணிட்டா ஃபைலு க்ளோஸ்.”

பின்னால் அக்கா, “சொல்லிட்டீங்களா? தம்பி இன்னா சொல்றான்?” என்று கேட்பது கேட்டது.

கூடவே ஒரு படமும் அனுப்பினார். அதே காரின் பின்புறம். புது நம்பர், கறுப்பும் வெள்ளையுமாக, எந்த இயந்திரமும் ஒரு நொடியில் படித்துவிடும் அழகில். கண்ணாடியின் இடது மூலையில் பிளேடால் சுரண்டிய தடம். ஆக, முதலையையும் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

அந்த வாரம் முழுக்கத் திரையில் ஓடுகிற ஒவ்வொரு காகித நம்பருக்குள்ளும் ஒரு மாமா உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். இங்கே தகட்டை மறைக்கிறவன் பிளாஸ்டிக் மூடி வாங்குகிறான், எங்கள் ஊரில் மஞ்சள் வாங்குகிறான். இரண்டையும் ஒரே மூக்கால் மோந்து பார்க்கும்படி என் பிழைப்பு அமைந்துவிட்டது. தமிழ்ச் சங்கத்தில் யாராவது ஊர்ப் பெருமை பேச ஆரம்பித்தால் எழுந்து வெளியே போனேன். என் பேச்சைக் கேட்டு, நீங்கள் தெலுங்கா என்று கேட்கிறவர்கள்தான் அவர்கள். எல்லைக்காரன் எழுந்து போனதை யாரும் கவனிக்கவில்லை.

6

ஊர்க்காரர் ஒருவரிடம் ஏழுமலையின் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன்.

“ஆரு?”

“நான்தான் ஏழுமல.” அக்கா பேரைச் சொன்னேன்.

“அமெரிக்கா சாரா? சொல்லு சார்.”

“சாரு இன்னாடா சாரு.”

“பின்ன இன்னான்னு கூப்புடறது? நீதான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியே.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கால் எப்படி இருக்கிறது என்றேன்.

“கீது. கம்பி வெச்சிருக்காங்க. மடங்கல. இனிமே நான் ஏறணும்னா மரந்தான் மடங்கி வரணும்.”

“அது மாமா வண்டிதான் ஏழுமல. நான் படத்தப் பாத்தேன்.”

“எனக்குத் தெரியாதா சார்?” அவன் குரல் ஏறவில்லை. “கண்ணாடிய எறக்கினாரு. ‘ஏழுமலையா’ன்னு கேட்டாரு. ஆமா சாமி, காலப் பாருங்கன்னேன். பாத்தாரு. அப்புறந்தான் போனாரு.”

பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பதிலும் வாங்கியிருக்கிறார். கையில் போன் சூடானது.

“ஸ்டேஷன்ல சொன்னியா?”

“சொல்லாம? நம்பர் சொல்லுன்னான். நம்பரு இல்லாத வண்டி சார்ன்னேன். நம்பரு இல்லாத வண்டிய எப்பிடி எழுதறதுன்னான். காகிதம் குடுத்தான், தெலுங்கு. எம்பொண்ணுதான் படிச்சிச் சொன்னா. ‘குர்த்து தெலியனி வாகனம்’.”

அடையாளம் தெரியாத வாகனம். இங்கே நான் அழுத்தும் பொத்தான் அங்கே தெலுங்கில் இருக்கிறது.

மாமாவின் சத்தியத் திட்டத்தைச் சொன்னேன்.

“பண்ணட்டும். சாமி வண்டியப் பாக்கும், நம்பரப் பாக்காது. ஆனா ஸ்டேஷன்காரன் நம்பரத்தானே பாப்பான். அவன் மூடிட்டா, அப்புறம் சாமி பாத்து இன்னா, பாக்காட்டி இன்னா.”

“நான் எழுதித் தரேன். அது யாரு வண்டின்னு, எனக்கு எப்பிடித் தெரியும்னு. எல்லாம்.”

“உங்கக்கா அப்புறம் உனக்குச் சோறு போடுவாங்களா?”

“தெரியல.”

“யோசி சார். எழுதிட்டு, அப்புறம் வந்து இல்லன்னு சொன்னே, அது இந்த வண்டிய விட மோசம்.”

7

ஸ்டேஷனுக்கு வெறும் கடிதம் செல்லாது. இந்தியத் தூதரக அலுவலகத்தில் கையெழுத்துக்கு முத்திரை வேண்டும் என்றார்கள். முன்பதிவு, இரண்டு படம், பாஸ்போர்ட் நகல், ஒரு நாள் லீவு. காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். ஆனி மாதம், காணிப்பாக்கம், மஞ்சள் பூசிய தகடு, முதலை, சுரண்டிய தடம், புது நம்பர். இரண்டு படங்களையும் பின்னால் இணைத்திருந்தேன். பதினொரு வருடத்தில் ஒரு காரைப் பற்றி நான் எழுதிய மிக நீளமான வாக்கியங்கள் அவை.

கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் மலர்ந்து தெலுங்குக்கு மாறினாள். திருப்பதி பக்கமா, கொடுத்து வைத்தவர், நினைத்தபோதெல்லாம் தரிசனம் என்றாள். நான் தெலுங்கில் சிரித்து வைத்தேன். பிறகு காகிதத்தைப் படித்தாள். மலர்ச்சி மெல்ல வடிந்தது. இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்றாள். அக்காவின் கணவர் என்றேன். படிவத்தில் உறவு என்ற இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். பேனாவைத் திருப்பி என் பக்கம் நீட்டினாள்.

“முத்திரை போட்டுட்டா வாபஸ் வாங்க முடியாதுங்க.”

எழுதினேன். முத்திரை விழுந்தது.

வெளியே தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன். ஊரில் இரவுச் சாப்பாட்டு நேரம். மறைத்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை; மறைத்தவர்களைப் பார்த்துப் பார்த்தே பதினொரு வருடம் போய்விட்டது.

“அக்கா, ஸ்டேஷனுக்கு எழுதிட்டேன். அது மாமா வண்டிதான்னு. இன்னிக்கே போடறேன். வந்து சேர ஆறு நாளு ஆவும். அதுக்குள்ள மாமாவே போய்ச் சொல்லிட்டா நல்லது. சத்தியம் கித்தியம் வாணாம்.”

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன்.

“உனக்கு ஆக்கிப் போட்ட கைடா இது” என்றாள் கடைசியில்.

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சிதான் எழுதினியா?”

“மாமா ஏழுமலையப் பேரச் சொல்லிக் கேட்டுட்டுப் போயிருக்காரு. அது உனக்குத் தெரியுமா?”

தட்டை நகர்த்தும் சத்தம். மாமா யார் போனில் என்று கேட்டார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு வெளிக்காற்று.

“எங்கக்கா போற?”

“காலனிக்கு.”

எங்கள் வீட்டிலிருந்து அந்தத் தெருவுக்கு இருநூறு அடிகூட இருக்காது. அக்கா ஐம்பத்தாறு வருடத்தில் அதற்குள் ஒருமுறையும் கால் வைத்ததில்லை.

“மன்னிப்புக் கேக்கவா, வாய மூடச் சொல்லவா?”

அவள் மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் மண்ணில் பட்டுப் பட்டுக் கேட்டது.

“போய் அந்தக் காலப் பாத்தாத்தாண்டா தெரியும்” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நான் உறையைப் பெட்டிக்குள் போட்டேன்.